மூன்று தோல்விகள் தேவை

“மூணாவது தடவையா திவாலாகிற. இப்பவாவது கொஞ்சம் அழும்மா!” என்று கெஞ்சினார் கணவர்.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். கண்ணைக் கசக்கினாள், மூக்கை உறிஞ்சினாள். சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? தொழிலில் அவள் ஒரு தடவைகூடத் தோற்றதில்லையே! சின்னக் கிண்ணமோ பெரிய பானையோ, எதன் வாயில் இழுத்து மாட்டினாலும் கச்சிதமாக உட்காரும் ரப்பர் மூடி ஒன்றை அவளே யோசித்துச் செய்தாள். முதல் நாளே விற்றது. இன்றுவரை விற்கிறது.

அதுதான் வினையாகப் போயிற்று. போன வருஷம் புதுத்தொழில் போட்டிக்கு மூடியோடு போனபோது நடுவர்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “இதுக்காக நீங்க என்ன இழந்தீங்க?” என்று கேட்டார்கள். “ஒண்ணும் இழக்கலைங்களே!” என்று வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தாள். வலி இல்லாத இடத்தில் படைப்பாற்றல் ஏது என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

இந்த வருஷ விண்ணப்பத்தில் அச்சடித்தே கேட்டுவிட்டார்கள்: ‘குறைந்தது மூன்று தோல்விகளை விவரிக்கவும்.’ ஜெயித்தால் புது மெஷின். அவளிடம் இருந்த ஒற்றை மெஷினோ இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால், அவளோடு வேலை செய்யும் நாலு பெண்களும் வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

ஆகவே கணவர் களத்தில் இறங்கினார். மூடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி ஒட்டுகிற மனுஷனுக்குள் இப்படி ஒரு கற்பனையா! அவர் எழுதிய கதையில் கூட்டாளி கம்பி நீட்டினான். வெள்ளம் வந்தது. கடைசியில் மூடி செய்யும் கொட்டகை தீப்பிடித்துச் சாம்பலாக, அதற்குள் ஒரே ஒரு மூடி மட்டும் உருகாமல் கிடந்தது.

“ஏங்க, கொஞ்சம் ஓவரா இல்ல?”

“அவங்களுக்கு இதுவே பத்தாது. நீ அழு!”

போட்டி அன்று தலைமை நடுவர் முதலில் பேசினார். முதல் தொழிற்சாலை எரிந்த சாம்பலிலிருந்து எழுந்து வந்தவர் என்பதால், ‘சாம்பல் முதலாளி’ என்றுதான் எல்லாரும் கொண்டாடுவார்கள். “அன்னைக்கு அந்த நெருப்புக்கு முன்னால நான்...” என்று நிறுத்தினார். கையிலிருந்த தாளைத் திருப்பினார். அதற்கப்புறம்தான் அவர் குரல் தழுதழுத்தது. அரங்கமே மூக்கைச் சிந்தியது.

அடுத்து அவள். மேடையேறிய பயத்தில் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மூடியை இந்தத் தடவையும் யாரும் தொடவில்லை.

கீழே இறங்கியதும் சாம்பல் முதலாளி இருவரையும் பின்னறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“ஏம்மா, கொட்டகைதான் கூரை வரைக்கும் தண்ணியில மூழ்கிக் கிடந்துச்சுன்னு சொன்னியே. மறுநாளே எப்படித் தீப்பிடிச்சுது?”

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். மெஷினும் போச்சு, நாலு பேர் பிழைப்பும் போச்சு! பாவி மனுஷன், எழுதினதுதான் எழுதினார், நடுவில் ஒரு மாசமாவது விட்டிருக்கக் கூடாதா?

“மன்னிச்சிடுங்கய்யா. வெள்ளமும் வரல, தீயும் பிடிக்கல. எல்லாம் இவர் எழுதினது” என்று கணவரைக் கைகாட்டிவிட்டாள்.

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, மடித்து மடித்து நைந்துபோன தன் தாளை எடுத்துக் கணவர் கையில் வைத்தார்.

“மெஷின் உனக்குத்தாம்மா. எனக்கும் புதுசா ஒரு தீவிபத்து எழுதித் தரச் சொல்லு!”