பச்சைக் குறி

மாமனாருக்கு ஏழரை மணித் தொடர் என்றால் உயிர். அந்நேரம் மருந்து மயக்கத்தில் தூங்கிவிடுவார் என்பதால், டிவி ரெக்கார்டர் பெட்டியில் பதிந்து மறுநாள் மதியம் போட்டுக் காட்டுவேன். "அஞ்சு நிமிஷம் முன்னாடியே வைம்மா, அந்தப் பெட்டிக் கடிகாரத்தை நம்பாதே" என்பார்.

போன மாதம் அந்தக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தியது. பிறகு ஒரு மணி நேரம். ரிப்பேர்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நேரம் மேலே சாட்டிலைட்லேர்ந்து வருதுக்கா. நாம கை வைக்க முடியாது."

இந்தத் திங்கட்கிழமை அது பத்து நாள் முந்தியிருந்தது. இன்னும் ஒளிபரப்பாகாத பகுதிகளெல்லாம் முழுசாகப் பதிவாகியிருந்தன. பார்த்து முடித்த பகுதிக்குப் பெட்டியே பச்சைக் குறி போடும். நாங்கள் இன்னும் பார்க்காமலே, வரப்போகும் வியாழக்கிழமைப் பகுதி வரை குறி விழுந்திருந்தது. வெள்ளியிலிருந்து ஒன்றுக்கும் இல்லை.

இன்று சனிக்கிழமை. வெள்ளிக்கிழமைப் பகுதியைக் கேட்டார்.

"நாளைக்குப் பாக்கலாமே மாமா."

"நாளைக்கு என்ன வச்சிருக்கு? இப்பவே போடும்மா."

போட்டேன். தலைப்புப் பாட்டு முடிவதற்குள் அவருக்குக் கண் அசந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன்.

குறி விழவில்லை.