ஒன்பதாவது வெடி

"எட்டு வெடிதான் கேட்டுச்சு," என்றார் மேஸ்திரி அன்செல்மோ. "துளை ஒன்பது போட்டோமே?"

வெள்ளீயச் சுரங்கத்தின் வாசலில் எல்லோரும் இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். கொக்கா இலை மெல்லுகிற தாடைகள் நின்றுவிட்டன. திரி கொளுத்திவிட்டு ஓடிவந்த செனோனுக்கு அந்த ஆண்டீஸ் உச்சிக் காற்றில் இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது.

வெடிக்காமல் ஒன்று கிடந்தால் யாராவது உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும். போன மாதம் அப்படிப் போன பெர்மின் திரும்பவில்லை.

"நான் போறேன்," என்றான் சாத்துர்னினோ.

"சனிக்கிழமை மக கல்யாணத்த வச்சுக்கிட்டா?" என்றார் மேஸ்திரி.

"மருந்து கெட்டிச்சவன் நான். வேற எவன் போவான்?"

ஆட்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

கார்பைடு விளக்கோடு சாத்துர்னினோ நிமிர்ந்து நடந்தான். பயம் துளியும் இல்லை. ஒன்பதாவது துளைக்கான டைனமைட் குச்சி, கல்யாணத்தன்று வெடிப்பதற்காக, அவன் சட்டைக்குள் பத்திரமாக இருந்தது. உள்ளே சற்று உட்கார்ந்துவிட்டு வந்தால் முடிந்தது.

"மச்சான்," என்று பின்னாலிருந்து அழுகுரலில் கூப்பிட்டான் செனோன். "இடது ஓரத்துத் துளைகிட்ட பாத்துப் போ. நீ அதுல மருந்து கெட்டிக்க மறந்துட்ட. மேஸ்திரி திட்டுவாரேன்னு நான்தான் ஒரு குச்சிய வச்சுக் கொளுத்திட்டு வந்தேன்."

சாத்துர்னினோ திரும்பிப் பார்த்தான். ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை.