நாற்பத்தெட்டு இஞ்ச்

தையல்காரம்மா புளுகுகிறாள் என்பதில் சர்வேயருக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆற்றின் மேற்பக்கம் இருந்த பழைய அணையை இடித்து நாலு மாதம் ஆகிறது. அறுபது வருஷமாக அதன் முதுகுக்குப் பின்னால் தூங்கிய வண்டலெல்லாம் இறங்கி வந்து, நடு ஆற்றில் திட்டாகப் படுத்துவிட்டது. தண்ணீர் ஒதுங்கி என் வீட்டுக் கரையை அரிக்கிறது, கல்சுவர் கட்டித் தாருங்கள் என்று மனுமேல் மனு போட்டிருந்தாள் அந்தம்மா.

சர்வேயர் நம்பியது கம்பியைத்தான். அணை இடித்த அன்றே, கரை விளிம்பிலிருந்து நாலு அடி உள்ளே தள்ளி ஒரு சிவப்புக் கம்பியை அறைந்துவிட்டுப் போயிருந்தார். கரை கரைந்தால் அந்த நாலு அடி குறைய வேண்டும். மாதாமாதம் வந்து அளந்தார். ஒரு நூல்கூடக் குறையவில்லை.

இன்று கடைசி அளவு. இன்றும் நாலு அடி. ‘அரிப்பு இல்லை, சுவர் தேவையில்லை’ என்று எழுதியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

“தம்பி, ஜன்னலுக்கு வெளியே கொடி கட்டித் துணி காயப்போடுவேன். இப்ப எட்டிப் பார்த்தா நேரா தண்ணிதான் தெரியுது.”

“கரை அப்படியேதான்மா இருக்கு. ஒருவேளை உங்க வீடுதான் குளிக்கக் கிளம்பிடுச்சோ என்னமோ.”

அவள் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வேலை முடிந்ததே என்று கம்பியைப் பிடுங்கக் குனிந்தார் சர்வேயர். அன்று சம்மட்டியால் முப்பது போடு போட்டு இறக்கிய கம்பி, தயிரில் வைத்த கரண்டி மாதிரி கையோடு வந்தது.

“இதை யாரும்மா தொட்டது?”

தையல்காரம்மா தயங்கினாள்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. இது ஆபீஸ் கம்பி, தொலைஞ்சா என் வேலை போயிடும்னு முதல் நாளே சொன்னீங்கல்ல? மூணு தடவை கரையோட சரிஞ்சு ஆத்துல விழுந்துச்சு. மூணு தடவையும் இடுப்பளவு தண்ணியில இறங்கி எடுத்து, மெஷினுக்கு அடியில பத்திரமா வச்சிருந்தேன். நீங்க வர்ற அன்னிக்குக் காலையில, நீங்க நட்ட மாதிரியே விளிம்புல இருந்து நாற்பத்தெட்டு இஞ்ச் அளந்து நட்டு வச்சுடுவேன். என் அளவு ஒருநாளும் தப்பாது தம்பி.”