மணிக்கயிறு

மலைக்கிராமத்துப் பழைய தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்க வந்த வெளியூர்க்காரி என்றே மணியடிக்கும் பெரியவர் அந்த நர்ஸை நினைத்தார்.

"பனி இறங்கினா இந்த மணிச் சத்தந்தாம்மா வழிகாட்டி. ஒரே ஒரு நாள் அடிக்க முடியல. யாரோ கயிறை அறுத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னிக்குத் தபால்காரர் வழி தவறிப் பள்ளத்துல விழுந்து செத்துட்டார்."

"எடுத்தவங்களை நீங்க சபிக்கலையா?"

"அவங்களுக்கு என்ன தேவையோ! கோபுரக் கதவைப் பூட்டாம விட்டது நான்தானே? முப்பது வருஷமா பாவமன்னிப்பு கேட்டுப் பாவசங்கீர்த்தனத்துல இதையேதான் சொல்றேன். கேட்டுக் கேட்டுச் சாமியாருக்கே சலிச்சுப்போச்சு."

நர்ஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளை ஒதுக்கிவிட்டாள்.

"இனிமே நீங்க அதைச் சொல்லாதீங்க, ஐயா," என்றாள். "அப்போ எனக்குப் பத்து வயசு. ஊஞ்சல் கட்டத்தான் எடுத்தேன்."