பதினேழாம் அறையின் லைன்

மேசைக்கு அடியில் குனிந்திருந்த கேபிள் அக்காவுக்கு மாணவியின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. இரண்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மணி பத்து இருபது. பதினொன்றுக்கு அந்தப் பெண்ணுக்கு மேற்படிப்புக்கான நேர்காணல். மடிக்கணினியில், முகத்துக்கு முகம்.

விடுதியின் வைஃபையை யாரும் நம்புவதில்லை. பாதிப் பேச்சில் கழுத்தறுக்கும். சுவரிலிருந்து வரும் கம்பிதான் கதி. அதுவும் நேற்று மாலையிலிருந்து செத்துக் கிடந்தது.

மடிக்கணினிதான் கெட்டுவிட்டது என்று மாணவி முடிவுகட்டியிருந்தாள். விடிவதற்கு முன்பிருந்தே எதையெதையோ அழித்து, மறுபடி ஏற்றி, அம்மாவைப் போனில் கூப்பிட்டு ஒரு பாட்டம் அழுதும் முடித்திருந்தாள்.

கேபிள் அக்கா என்பது மாணவிகள் வைத்த பெயர். பன்னிரண்டு வருடமாக இந்தக் கல்லூரியின் நெட்வொர்க் வேலை அவளுடையது. யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டாள். கம்பியின் இரண்டு முனையையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பேச்சு. போன மாதம் ஒரு பேராசிரியர் இன்டர்நெட் வரவில்லை என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கம்பியின் மறுமுனை அவர் பைக்குள் இருந்தது.

இங்கே இரண்டு முனையும் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தன.

கம்பியைக் கழற்றி டெஸ்டரில் மாட்டினாள். எட்டு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. கம்பி நல்ல கம்பி. அதைத் தன்னுடைய பழைய மடிக்கணினியில் செருகிப் பார்த்தாள். அதிலும் உயிர் இல்லை.

“உன் கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகலம்மா. கோளாறு வெளியில இருக்கு.”

மாணவி கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

நடைபாதையின் கோடியில் இருந்த இரும்புப் பெட்டியைக் கேபிள் அக்கா திறந்தாள். அந்தத் தளத்து அறைகளின் கம்பிகள் எல்லாம் வந்து சேருமிடம் அது. வரிசையாகப் பச்சை விளக்குகள் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. இந்த அறையின் பதினேழாம் எண் மட்டும் இருட்டு. கம்பி செருகும் அந்த போர்ட் அவிந்துவிட்டது.

காலியாக வேறு போர்ட் இல்லை. புதுப் பெட்டி அலுவலகத்திலிருந்து வர மதியம் ஆகிவிடும்.

ஒரே வழிதான். பக்கத்து அறையின் போர்ட்டை ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கவேண்டும்.

கேட்டதும் மாணவியின் முகம் சுருங்கிப்போனது. பதினெட்டாம் அறையில் இருப்பவளிடம் மட்டும் வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் இரண்டு வருடம் இதே அறையில் ஒன்றாக இருந்தவர்கள். கடைசி வருட ப்ராஜெக்டில் யார் பெயர் முதலில் என்று தொடங்கிய பேச்சு தடித்து, அவள் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். மூன்று மாதமாக எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம்.

“லைன்தானே கேக்கப் போறேன், பொண்ணா கேக்கப் போறேன்?” என்று கேபிள் அக்கா போய்க் கதவைத் தட்டினாள்.

பதினெட்டாம் அறைக்காரி கதவைப் பாதிதான் திறந்தாள். கேபிள் அக்கா விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்திலேயே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள் அவள். சரியான சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொண்டாள் கேபிள் அக்கா.

பெட்டியில் கம்பியை மாற்றிச் செருகினாள். ‘க்ளிக்’ என்றது. பதினேழாம் அறையிலிருந்து, வந்துவிட்டது, வந்துவிட்டது என்று குரல் கேட்டது. பத்து ஐம்பது.

அவளுக்கு இன்னும் இரண்டு கட்டிடத்தில் வேலை இருந்தது. ஆனாலும் போகவில்லை. யாராவது வந்து பெட்டியில் கை வைத்துவிட்டால்? ஒரு ஸ்டூலை இழுத்து அதன் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நாற்பது நிமிடம். நடுவில் ஒருமுறை மாணவி சிரிக்கும் சத்தம் கேட்டது. நேர்காணலில் சிரிக்கிறாள் என்றால் தேறிவிடுவாள். தான் பெற்ற பிள்ளை சிரித்ததுபோல் கேபிள் அக்காவுக்கு வயிறு நிறைந்தது.

மாணவி கதவைத் திறந்து, கேள்வி கேட்டவர்களில் ஒருவர் ஜூனில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டதாக மூச்சுவாங்கச் சொன்னாள்.

பதினெட்டின் லைனைப் பழையபடி மாற்றிவிட்டுக் கேபிள் அக்கா உள்ளே போய் டெஸ்டரையும் தன் மடிக்கணினியையும் பைக்குள் வைத்தாள். பிறகு கைபேசியை எடுத்தாள். வேலை முடிந்தது என்று பதிய, புகார் கொடுத்தவரின் கைபேசிக்குப் போகும் நாலு எண்ணைக் கேட்டு அடிக்கவேண்டும்.

மாணவியின் கைபேசிக்கு எதுவும் வரவில்லை. கேபிள் அக்கா மறுபடி அனுப்பினாள். அப்போதும் வரவில்லை.

“நான் புகாரே குடுக்கலியே அக்கா. வார்டன் சொல்லித்தான் நீங்க வந்தீங்கன்னு நெனச்சேன்.”

கேபிள் அக்கா புகாரைத் திறந்து பார்த்தாள். பதினேழாம் அறை, இணைப்பு இல்லை, பதினோரு மணிக்கு நேர்காணல், அதற்குள் கண்டிப்பாக வரவும். பதிவான நேரம் காலை ஐந்து ஐம்பது.

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், யாரிடமும் சொல்லாததுபோல், சொன்னது:

“ஒன்பது, மூணு, மூணு, ஆறு.”

மாணவி தடுப்பின் அருகே போய், கடைசி எண் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்றாள்.

கேபிள் அக்கா நாலு எண்ணையும் அடித்து முடித்திருந்தாள். அதைச் சொல்லாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.