காலையில் சாப்பிட்ட முட்டை

ஸ்கேன் அறையில் விளக்கைக் குறைத்திருக்கிறார்கள். தங்கை மெஷினின் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கிறாள். முன்னால் இருக்கும் தட்டு வயிற்றை உரசுகிற நெருக்கம். காலையில் இங்கேதான் அவளுக்கு முட்டையும் ரொட்டியும் கொடுத்தார்கள். படத்தில் தெரிவதற்காக முட்டையில் துளி கதிர்மருந்து கலந்திருந்தது. அது வயிற்றை விட்டு எப்போது நகர்கிறது என்று மெஷின் மணிக்கொரு தரம் பார்க்கிறது. சாப்பாடு செரிக்காதவர்களை வைத்துச் செய்யும் இந்த ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளே வந்து பெயர் கொடுத்தாள். பாதியிலேயே, அடுத்த படத்துக்குக் காத்திருக்கையில், "போதும், வா போலாம்," என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். "கடைசிப் படம் எடுக்காம நகரமாட்டேன்," என்று தங்கை நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காமல், வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கிறவளை வீடே 'நடிப்புக்காரி' என்றுதான் கூப்பிடுகிறது. பெயர் வைத்ததே அக்காதான்.

கடைசிப் படத்தையும் எடுத்து மெஷின் முனகி ஓய்கிறது. டெக்னீஷியன் திரையை அவர்கள் பக்கம் திருப்புகிறாள். கறுப்புக்கு நடுவே வெள்ளையாய் ஒரு திட்டு, காலையில் இருந்த அதே இடத்தில் மினுங்குகிறது. "இந்நேரம் காலியாயிருக்கணும். முட்டை பாதிக்கு மேல வயித்துலயே இருக்கும்மா," என்கிறாள். தங்கைக்கென்று பிரித்த பிஸ்கட் பொட்டலத்தை அக்கா மெல்ல மடிக்கிறாள். இப்போது தங்கை அக்காவின் கையைப் பிடித்துத் திரைக்கு அருகே இழுக்கிறாள்.

"அந்த முட்டைகிட்டச் சொல்லுக்கா, நடிக்காதேன்னு."