நண்டு மார்க்

“அறுபது வயசுக்கு மேல இருக்கும் சார். ரோட்டோரமா, யார் வம்புக்கும் போவாம நின்னுக்கினு இருந்தது. வெட்டிச் சாச்சிட்டிருக்கான்” என்றார் ஏட்டு தனசேகரன்.

மேசைமேல் கத்தி இருந்தது. எதிரே கொளஞ்சியப்பன் கைகட்டி நின்றான். அவன் மனைவி அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்க அல்ல, சிரிப்பை அடக்க.

சாய்ந்தது கச்சிராயபாளையம் சாலைப் புளியமரம். நாலு பேர் கைகோத்து நின்றாலும் அதைக் கட்டிப்பிடிக்க முடியாது. கத்தியோ மடக்கினால் ஆள்காட்டி விரல் நீளம்.

எண்பத்தேழு புரட்டாசியில், இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. மரங்கள் சாலையில் படுத்துக்கொண்டன, பஸ்கள் நின்றுவிட்டன. பிடிபட்டவர்களை இந்தக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, மூன்று வேளையும் உப்புமா போட்டது அரசாங்கம்.

வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்திருந்த எஸ்.ஐ.க்கு மரம் கிடைத்தது, ஆளும் கிடைத்தான். ஆயுதம்தான் கிடைக்கவில்லை. வீட்டைப் புரட்டிப் பார்த்தும் கோடாலி இல்லை. எப்படி இருக்கும்? விறகு பிளக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு இருசம்மாளிடம் ரெண்டு வருஷமாக இருக்கிற கோடாலியை இரவல் கேட்டு, அவள் வாயிலிருந்து வருவதையும் சேர்த்து வாங்கி வருகிறவள் அமிர்தம். ஒரு கோடாலி வாங்கச் சொன்னால் கொளஞ்சியப்பன், “வாங்கலாம், வாங்கலாம்” என்பான்.

ஆகவே அவன் இடுப்பில் இருந்த கத்தியே ஆயுதமாகிவிட்டது.

அது சாதாரணக் கத்தி இல்லை, நண்டு மார்க். ரெண்டு வருஷம் முன்னால் சேலத்திலிருந்து அதோடு வந்து இறங்கிய நாளிலிருந்தே கொளஞ்சியப்பன் தனி சாதி ஆகிவிட்டான். வேறு மார்க் கத்தி வைத்திருப்பவர்களைப் பிற்பட்டோர் பட்டியலில்கூட அவன் சேர்ப்பதில்லை. அமிர்தத்தின் தலைக்கு எண்ணெய் இல்லாத வாரங்களிலும் கத்திக்கு எண்ணெய் உண்டு.

டீக்கடையில் உட்கார்ந்து கரும்பு சீவுவான், ஊர்ப் பிள்ளைகளின் பென்சிலைச் சீவுவான், நகம் வெட்டுவான். ஒரிஜினலா என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு, வீட்டுக்கு ஓடி, நண்டுப் படம் போட்ட கடை பில்லைக் கொண்டுவந்து நீட்டுவான். நீட்டும்போது கட்டைவிரல் மட்டும் நடுவிலிருக்கும் எழுத்தின்மேல் அசையாமல் இருக்கும். விலையைக் காட்டிப் பீற்றிக்கொள்ளாத மனுஷன் என்று டீக்கடையே அவனை மெச்சியது.

எஸ்.ஐ. பேனாவைத் திறந்து, ‘வெட்டுக்கத்தி ஒன்று’ என்று எழுதப் போனார். எழுதிவிட்டால் கடலூர் ஜெயில்தான். கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற பதத்தில் நிற்கிறது, அமிர்தம் ஒருத்தியால் ஆகிற வேலையா அது?

“வெட்டுக்கத்தி இல்லீங்க. பழம் நறுக்கற கத்தி” என்றாள் அவள். “கடைக்காரரே எழுதிக் குடுத்த பில்லு வூட்டுல இருக்குது.”

எஸ்.ஐ. யோசித்தார். சின்னக் கத்தி என்று பில்லில் இருந்தால் இந்தக் கேஸ் கோர்ட்டில் நிற்காது என்பது அவருக்கே தெரியும். கொண்டு வந்து காட்டினால் பேரை அடித்துவிட்டு ஆளை அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

“அது தொலஞ்சி போச்சி சார்” என்றான் கொளஞ்சியப்பன்.

“இன்னாத்துக்குத் தொலையுது? தகரப் பொட்டியில கீது” என்று சொல்லிவிட்டு அமிர்தம் கிளம்பினாள்.

பஸ் இல்லாத சாலையில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வழியில் பதினோரு மரங்களை ஏறி இறங்கினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பெட்டியில் இருந்த காகிதங்களில் நண்டு இருந்ததை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். தாலி கட்டின நாளிலிருந்து இந்த மனுஷனுக்கு ஆகிற மாதிரி ஒரு காரியம் இப்போதுதான் செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் மண்டபத்துக்குள் நுழைந்ததுதான் தாமதம், கொளஞ்சியப்பன் எஸ்.ஐ. முன்னால் போய் நின்றான்.

“நான்தான் வெட்டினேன் சார். இந்தக் கத்தியாலதான். எழுதிக்குங்க.”

உப்புமா தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எஸ்.ஐ.க்கே சங்கடமாகிவிட்டது. “இதை வச்சு அந்த மரத்தைச் சாய்க்க ஒரு மாசம் ஆகுமேய்யா” என்றார்.

“ஆவாது சார். நண்டு மார்க்கு.”

மண்டபமே சிரித்தது. அமிர்தத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கத்தியை யாரும் குறைவாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஜெயிலுக்குப் போகத் துணிகிறவனை என்ன செய்வது? இவன் மானம் போனால் போகட்டும், ஆள் வீட்டுக்கு வந்தால் போதும்.

“பில்ல எங்கையில குடு அமிர்தம். நானே காட்டறேன்” என்று கொளஞ்சியப்பன் கையை நீட்டினான். கட்டைவிரல் இப்போதே தயாராக இருந்தது.

அமிர்தம் அவனைத் தாண்டிப் போய் ஏட்டிடம் கொடுத்தாள். “நல்லா சத்தமாப் படிங்க சார். எல்லாருக்கும் கேக்கட்டும்.”

ஏட்டு தனசேகரன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சத்தமாகவே படித்தார்.

“நண்டு மார்க் கோடாலி, ஒண்ணு. கத்தி, இனாம்.”